அவிச்ச வேலி

கொஞ்சம் இப்படி நெருங்கி உக்காருங்க. தூரத்துல இருந்து கேட்டா இந்தக் கதையில பாதி காத்தோட போயிடும். மிச்சம் பாதியை மட்டும் கேட்டுட்டு யாராவது வீட்டுல போய்ச் செஞ்சு பார்த்துட்டா அந்தப் பாவம் யாருக்கு?

செய்யாத்துப் பக்கம் நரிக்குட்டித்தாங்கல் என்று ஒரு ஊர். அங்கே பச்சையம்மாள்தான் புத்திசாலி. அவள் புருஷன் எத்திராஜு அப்படிச் சொன்னான். அவனுடைய பங்காளிகள் துளசிங்கம், மன்னாரு, கன்னியப்பன் மூன்று பேரும் சொன்னார்கள். நாலு பேர் சொன்னால் ஊரே சொன்ன மாதிரிதானே.

அதற்கு முன்னால் எத்திராஜு பட்டணத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாள் முதலாக மேலே போனான், கீழே வந்தான். எங்கேயும் போய்ச் சேரவில்லை. மாடிப்படிக்கு அடியில் சரிவாக ஒரு அறை, அதில்தான் குடித்தனம். அந்த அறையில் பச்சையம்மாள் ஒரு நாளும் நிமிர்ந்து நின்றதில்லை. சோறு வடிப்பதும் குனிந்துதான், சண்டை போடுவதும் குனிந்துதான். பிறகு ஆளே இல்லாமல் ஓடுகிற லிஃப்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எத்திராஜுவைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவன் வருத்தப்படவில்லை. "இத்தனை வருஷம் நான் ஓட்டிப் பழக்கினதுல அது கத்துக்கிச்சு" என்றான்.

போக இடமில்லாமல் நின்றபோது பச்சையம்மாளின் அண்ணன் தாண்டவராயன் வந்தான். நரிக்குட்டித்தாங்கலில் அவனுக்கு ஒரு பழைய ஓட்டு வீடும், பின்னாலே மானாவாரியாக ஒரு கொல்லையும் சும்மா கிடந்தன.

"போய் இருங்க. ஆடியில மல்லாட்டை போடுங்க. ஐப்பசியில நான் வருவேன். அந்தக் கொல்லையில விளைஞ்ச மல்லாட்டை ஒரு படி அவிச்சு என் முன்னால வை. வீட்டையும் நிலத்தையும் உன் பேருக்கே எழுதிடறேன். இல்லேன்னா செங்கல் சூளைக்காரன் நடையா நடக்கறான், அவனுக்குக் கொடுத்துடுவேன்" என்றான்.

வேர்க்கடலையைத்தான் அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள்.

பச்சையம்மாள் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். பழக்க தோஷத்தில் குனிந்தே நுழைந்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். தலை எதிலும் இடிக்கவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள், கையும் இடிக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். செத்தாலும் இந்த வீட்டை விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அண்ணன் போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தான். "மொதல்ல ஓட்டை மாத்துங்க, மழைக்கு முன்னால."

கூடவே ஒத்தாசைக்கு வந்திருந்த பங்காளிகளோடு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஓட்டை இருந்தது. சரியாக அடுப்புக்கு மேலே, ஒரு முறம் அகலத்துக்கு இருந்தது.

எங்கே மாத்துவது என்று பங்காளிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். வாசலுக்கு மேலே மாத்தினால் வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தனியாகத் தண்ணீர் மொள்ள வேண்டியதில்லை என்றான் கன்னியப்பன். துளசிங்கம் கொஞ்சம் துணிச்சல்காரன். ஓட்டையை வீட்டுக்கு வெளியிலேயே மாத்திவிடலாமே என்றான்.

"வெளியில மாத்த முடியாதுடா. ஓட்டைக்குக் கூரை வேணும்ல" என்றான் மன்னாரு.

கடைசியில் எல்லாரும் பச்சையம்மாள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கட்டிலைக் காட்டினாள். "இதுக்கு மேல மாத்துங்க. பாய் நனைஞ்சா காயப் போடலாம். சோறு நனைஞ்சா காயப் போட முடியுமா?"

இப்படி ஒரு மூளையா என்று கன்னியப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். கட்டிலுக்கு மேலே இருந்த ஓடுகளைப் பிரித்து அடுப்புக்கு மேலே அடுக்கினார்கள். ஓட்டை ஒழுங்காக இடம் மாறியது. ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்க, அந்த வீட்டிலேயே கிடந்த நெல் அவிக்கிற பெரிய அண்டாவைத் தூக்கிக் கட்டில் மேலே வைத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலுக்கு அடியில் படுத்தார்கள். மாடிப்படிக்கு அடியில் படுத்துப் பழகினவர்கள்தானே, நன்றாகத் தூக்கம் வந்தது.

வீடு ஆயிற்று. அடுத்தது கொல்லை. டவுனில் இயற்கை விவசாயத்துக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பச்சையம்மாள் புருஷனையும் இழுத்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஒரு சார் பேசினார். ரசாயன உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், பூமியை நோகடிக்காமல் பயிர் செய்யணும் என்று நல்ல விஷயமெல்லாம் சொன்னார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். பச்சையம்மாள் எழுதவில்லை. எழுதினால் பேப்பரில்தானே இருக்கும், தலையில் எப்படி இருக்கும்? அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்படியே முழுங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் சொல், "ஆடிப்பட்டம் தேடி விதை."

பட்டம் என்றால் படித்து வாங்குவது என்றான் துளசிங்கம். பி.ஏ., பி.காம் மாதிரி. அப்படிப் படித்த ஒருத்தனைத் தேடிப் பிடித்து அவன் கையால் விதைக்கணும்.

"ஆடி மாசம் காத்தடிக்குது. காத்துல பறக்கறது எது? பி.ஏ. பறக்குமா?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"எங்க சகலை பி.ஏ. தான். வேலை கிடைக்காம பறந்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றான் கன்னியப்பன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எத்திராஜு செய்யாறு கடைத்தெருவில் சிவப்புக் காகிதத்தில் வால் வைத்த பட்டம் ஒன்று வாங்கிவந்தான். பச்சையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. சார் தேடி விதைக்கச் சொன்னாரா, வாங்கி விதைக்கச் சொன்னாரா? வாங்கினதுக்கு இப்போது என்ன பண்ணுவது? அதற்கும் அவளே வழி சொன்னாள். பட்டத்தை அவள் ஒளித்து வைப்பாள், மற்றவர்கள் தேட வேண்டும். ஒளித்து வைத்த இடம் தனக்குத் தெரிந்திருந்தால் அது நியாயமான தேடலாகாது என்பதால், கண்ணை மூடிக்கொண்டு போய் ஒளித்து வைத்துவிட்டு வந்தாள்.

ஆடி முடியப் போகிறது, பட்டம் கிடைத்தபாடில்லை. அரிசிப் பானையில் தேடினார்கள். பனைமரத்தில் ஏறித் தேடினார்கள். மன்னாரு தன் சட்டைப் பையில் திரும்பத் திரும்பத் தேடினான். கடைசியில் ஒரு நாள் பெரிய காற்று அடித்து, வைக்கோல் போருக்குள்ளேயிருந்து பட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போனது. அது கொல்லைக்கு மேலே அப்படியும் இப்படியுமாக ஆடிக்கொண்டு போக, நாலு பேரும் மல்லாட்டை விதையை மடியில் கட்டிக்கொண்டு அதன் நிழலுக்கு அடியிலேயே ஓடி ஓடி விதைத்தார்கள். பட்டம் ஒரு இடத்தில் மூன்று குட்டிக்கரணம் போட்டது. அங்கே அவர்களும் போட்டார்கள்.

மல்லாட்டைக்கு முட்டாள் யார், புத்திசாலி யார் என்று தெரியாது. மறுநாள் மழை பெய்தது. பட்டம் போன வழியெல்லாம் முளைத்துவிட்டது.

மண்ணை அம்மணமாகப் போடாதீர்கள், மூடாக்குப் போடுங்கள் என்றும் சார் சொல்லியிருந்தார். இலையும் தழையும் பரப்பச் சொன்னார் அவர். பச்சையம்மாள் காதில் அம்மணம் என்ற சொல் விழுந்ததும் வெட்கத்தில் அதற்கப்புறம் ஒன்றும் ஏறவில்லை. பூமாதேவிக்கு வேட்டியா கட்டுவது என்று கேட்டுவிட்டு, தன் புடவைகளைக் கொண்டுவந்து செடிகளுக்கு நடுவே நீளநீளமாகப் போர்த்தினாள். கல்யாணத்துக்குக் கட்டின கூறைப்புடவைதான் மேட்டுப் பக்கம் போனது. வரப்புக்கு மட்டும் எத்திராஜுவின் வேட்டி. வரப்பு ஆம்பளை என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பக்கத்துக் கொல்லைக்காரி தெய்வானை ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்தாள். துணி காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இன்னா பச்சையம்மா, கொல்லை பூரா ஒரே களையா இருக்குதே" என்று மட்டும் சொன்னாள்.

பச்சையம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டு கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் முகத்தில் ஒரு களை வராது? "எல்லாம் நீங்க சொல்றதுதான் அக்கா" என்றாள் அடக்கமாக.

"சொல்றது இன்னா, சீக்கிரம் களையை எடுத்துடு" என்று சொல்லிவிட்டு தெய்வானை போய்விட்டாள்.

வயிற்றெரிச்சலைப் பார்த்தீர்களா என்று பச்சையம்மாள் பங்காளிகளிடம் சொல்லி மாய்ந்துபோனாள். அன்று சாயங்காலமே ஒரு பூசணிக்காயைக் கொல்லைக்குச் சுற்றி உடைத்துத் திருஷ்டி கழித்தார்கள். களை இன்னும் கூடியது.

அந்தக் களைக்கு நடுவிலும் மல்லாட்டை பூத்தது, விழுது இறக்கியது, காய் பிடித்தது. பச்சையம்மாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேரில் கொத்தாகப் பால் பிஞ்சுகள் தொங்கின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் கேட்ட ஒரு படி இந்த மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் முற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காட்டுப்பன்றிக்கும் அந்த வாசம் எட்டியிருந்தது. ராத்திரி ஒரு மூலையில் உழுதுவிட்டுப் போயிருந்தது.

அப்போதுதான் அவள் சாரின் கடைசிச் சொல்லை வெளியில் எடுத்தாள். கம்பி வேலி வேண்டாம், உயிர்வேலி போடுங்கள்.

"உயிர்வேலின்னா இன்னா அண்ணி?" என்று கேட்டான் மன்னாரு.

"உயிருள்ள வேலி."

"யார் உயிரு?"

இது பெரிய கேள்விதான். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொல்லைக்கு நாலு பக்கம். உயிர் நாலு இருந்தது. பச்சையம்மாளுடையது அஞ்சாவது.

"நீங்க அண்ணி?"

"வேலிக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணாமா?"

அது நியாயமாக இருந்தது. மேற்கே துளசிங்கம், வடக்கே மன்னாரு, கிழக்கே கன்னியப்பன் கையை அகல விரித்துக்கொண்டு நின்றார்கள். தெற்கே எத்திராஜு. வேலி என்றால் ஆள் போக வரப் படல் ஒன்று வேண்டும். பட்டணத்தில் ஆயுசு பூரா கதவைத் திறந்து மூடினவனை விட்டால் படலுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவனையே படலாக வைத்தார்கள். யாராவது வந்தால் ஒற்றைக் காலை ஊன்றிக் கதவு மாதிரித் திரும்பி வழிவிட்டான்.

முதல் நாளே பன்றி வந்தது. மன்னாருவுக்கு ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. வேலி ஓடுமா? நின்றான். பயத்தில் தும்மல் மட்டும் வந்தது. தும்முகிற வேலியைப் பன்றி தன் ஆயுசில் பார்த்ததில்லை. அது போனது போனதுதான், திரும்பவே இல்லை.

படல் பக்கம்தான் கொஞ்சம் கோளாறு. ஒரு மத்தியானம் தெய்வானையின் வெள்ளாடு வந்து எத்திராஜு எதிரே நின்றது. அவன் மரியாதையாகத் திறந்து, "மேலயா, கீழயா?" என்று கேட்டான்.

"மே" என்றது ஆடு.

மேட்டுப் பக்கம் அனுப்பிவைத்தான். கூறைப்புடவையின் முந்தானை அன்றோடு போயிற்று. தெய்வானை வந்து ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

வேலிக்கு என்ன போடுவது என்பதில் பச்சையம்மாள் சார் சொன்னதைத் துளிகூட மீறவில்லை. நட்ட புதிதில் காலையும் சாயங்காலமும் வேரில் தண்ணீர் ஊற்றினால் போதும், வேறொன்றும் போட வேண்டாம், அப்புறம் மண்ணில் இருப்பதை அதுவே எடுத்துக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருந்தார். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நாலு பேர் பாதத்திலும் தண்ணீர் ஊற்றினாள். கன்னியப்பன் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று கேட்டான்.

"மண்ணுல இருக்கறதை வேலியே எடுத்துக்கும். வேலி சோறு கேக்குமாடா?"

"கேக்காது அண்ணி" என்றான் கன்னியப்பன். அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கொஞ்ச நாளைக்கு ஊரார் யாராவது போகிறபோது வாழைப்பழமோ முறுக்கோ கொடுத்தார்கள். தலை கன்னாபின்னாவென்று வளர்ந்துவிட்டது என்று பச்சையம்மாள் ஒரு நாள் கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து நாலு பேருக்கும் ஒரே மட்டமாகக் கவாத்துப் பண்ணிவிட்டாள். மற்றபடி வேலி செழிப்பாகத்தான் இருந்தது. நாளாக நாளாகக் கன்னத்தில் சதைகூடப் போட்டது. உயிர்வேலி வேர் பிடித்துக்கொண்டது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

ஐப்பசி பிறந்து, அடைமழை பிடித்து, தாண்டவராயனும் வந்து சேர்ந்தான். குடையை மடக்கினான். ஓட்டைக்கு அடியில் அண்டா நிரம்பித் தளும்புவதைப் பார்த்தான். "ஓட்டை மாத்தச் சொன்னேனே" என்றான். "மாத்தியாச்சு அண்ணே, முன்ன அடுப்பு மேல இருந்தது" என்றாள். சரி என்றான். சூளைக்காரனைப் பொழுது சாயும்போது வரச் சொல்லியிருப்பதாகவும், அதற்குள் மல்லாட்டை வந்தால் அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொன்னான்.

பச்சையம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். முதல் செடியைப் பிடுங்கினாள். வேர் வந்தது, வேரில் ஒன்றும் இல்லை. அடுத்ததைப் பிடுங்கினாள். அதிலும் இல்லை. பட்டம் போன வழியெல்லாம் அவளும் போனாள், மூன்று குட்டிக்கரணம் போட்ட இடம் வரைக்கும். மேலே செடி தளதளவென்று நிற்கிறது, கீழே மொட்டையாக இருக்கிறது.

அவள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தச் சரிவான அறைதான் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளை அறியாமலே கழுத்து குனிந்தது.

"இதுல இருந்ததெல்லாம் எங்கடா?" என்று கேட்டாள்.

வேலி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

"நீங்கதான அண்ணி சொன்னீங்க. மண்ணுல இருக்கறதை வேலியே எடுத்துக்கும்னு" என்றான் துளசிங்கம்.

"எடுத்துக்கிட்டு செடியைத் திரும்ப நட்டு வச்சோம்" என்றான் எத்திராஜு. "பயிருக்குக் காவல்தான நாங்க. பாழாக விடுவோமா?"

பின்னாலேயே வந்த தாண்டவராயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். "வேலியே பயிரை மேஞ்சிருக்குது" என்றான்.

"மேயலை மச்சான்" என்றான் மன்னாரு. அவனுக்கு மனசு புண்பட்டுவிட்டது. "ஒவ்வொண்ணா உரிச்சுத்தான் தின்னோம்."

சூளைக்காரனின் வண்டிச் சத்தம் ஊர் எல்லையில் கேட்டது. பச்சையம்மாள் அதைக் கேட்டாள். எழுந்தாள். புடவையை உதறிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அண்ணே, இந்தக் கொல்லையில விளைஞ்சது ஒரு படி உன் முன்னால இருக்கணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"இதோ இருக்குது" என்று வேலியைக் காட்டினாள். "நாலு மூட்டையா கட்டி வச்சிருக்கேன்."

தாண்டவராயனும் பச்சையம்மாளும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அதை மறந்துவிடாதீர்கள். அவன் ஒவ்வொரு மூட்டையாகப் போய் வயிற்றைத் தட்டினான். கன்னியப்பனின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். கண்ணை மூடி அளந்து பார்த்தான்.

"ஒரு படிக்கு மேலயே இருக்கும். அளவுல குறை சொல்ல முடியாது" என்றான். பிறகு தலையை ஆட்டினான். "ஆனா நான் அவிச்சு வைக்கச் சொன்னேன். இது பச்சையா இருக்குதே."

பச்சையம்மாள் ஒரு நொடிதான் யோசித்தாள். கட்டில் மேலிருந்த அண்டாவை இறக்கச் சொல்லி மழைத் தண்ணீரோடு கல் கூட்டி ஏற்றினாள். மூன்று பங்காளிகளும் எத்திராஜுவும் முட்டியை மடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்ததும் தண்ணீர் கழுத்து மட்டத்துக்கு வந்து நின்றது. விறகு ஈரம். ஊதி ஊதிப் பார்த்தும் குளிக்கிற சூட்டுக்கு மேல் ஏறவில்லை. ஐப்பசிக் குளிருக்கு அது இதமாகத்தான் இருந்தது. இன்னும் ரெண்டு கட்டை தள்ளு அண்ணி, முதுகுப் பக்கம் வேகலை என்றான் மன்னாரு. தாண்டவராயன் ஒரு வாழை இலையை விரித்துக்கொண்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

சூளைக்காரன் வண்டியை விட்டு இறங்கி வந்தான். அண்டாவைப் பார்த்தான். உள்ளே இருந்த தலைகளைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். அப்படியே பின்பக்கமாகவே நடந்து போய் வண்டியில் ஏறிக்கொண்டான். அந்த நிலத்துப் பக்கம் அவன் மறுபடி தலை வைத்துப் படுக்கவில்லை.

"வெந்ததும் சொல்லு, பத்திரம் எழுதப் போலாம்" என்றான் தாண்டவராயன்.

பச்சையம்மாள் கன்னியப்பனின் காதைக் கிள்ளிப் பதம் பார்த்தாள். அண்டாத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். சப்பென்று இருந்தது. கல்லுப்பை ஒரு கை அள்ளினாள். போடப் போனவள் கையை அப்படியே நிறுத்தினாள். அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. புருஷனைத் தோளைப் பிடித்து வெளியே தூக்கினாள். உப்பை மற்ற மூன்று பேருக்கும் போட்டுக் கிளறிவிட்டாள். அண்ணன் பங்குக்கு எத்திராஜுவைத் தனியாக ஒரு தவலையில் நிற்க வைத்து, உப்பில்லாமல் அவித்தாள்.